விழித்திரை அறுவைக்குப் பிறகு கண்ணுக்கு ஒரு நோட்டுப் போடுவது எப்படி

நான் பிழை திருத்துபவள். இருபத்தாறு வருடமாக அச்சுக்குப் போகிற பக்கங்களில் ண இருக்க வேண்டிய இடத்தில் ன இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. வலது கண்ணில் கோளாறு என்று தெரிந்ததும் ஒரு ப்ரூஃப் பக்கத்தில்தான். பக்கத்தின் கீழே, மூக்குப் பக்கமாக, ஒரு சாம்பல் நிழல். கண்ணைக் கசக்கினாலும் போகவில்லை. அதற்கு முந்தைய வாரமே இருட்டில் ஓரக்கண்ணில் மின்னல் வெட்டியது, மிளகைத் தூவியது மாதிரி கரும்புள்ளிகள் மிதந்தன. புத்தகம் அச்சுக்குப் போகட்டும் என்று தள்ளிப் போட்டேன். அந்தத் தள்ளலுக்கு இன்றும் விலை கொடுக்கிறேன்.

விழித்திரை கிழிந்து கண்ணின் உட்சுவரிலிருந்து பிரிந்திருந்தது. நிழல் நடுப்பார்வைக்கு ஏறி நாலாம் நாள், அதை ஒட்ட வைக்கிற அறுவை நடந்தது. மறுநாள் கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டர், "நல்லா ஒட்டியிருக்கும்மா" என்றார். எனக்கோ என் கையை முகத்துக்கு நேரே ஆட்டினால் ஏதோ அசைகிறது என்பது மட்டும்தான் தெரிந்தது. ஒட்டிவிட்டது என்றால் தெரியும் என்று அர்த்தம் இல்லை, இரண்டும் வேறு வேறு கணக்கு என்று அந்தக் காலையில்தான் புரிந்தது. முதல் கணக்கை டாக்டர் பார்த்துக்கொள்வார். இரண்டாவதை நாம்தான் கவனித்துச் சொல்ல வேண்டும். "பரவாயில்ல டாக்டர், கொஞ்சம் மங்கலா இருக்கு" என்று சொன்னால் அவரால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஒரு நோட்டுப் போட்டேன். நாற்பது பக்க நோட்டே போதும்.

முதல் பக்கத்தில் எழுத வேண்டியது

அறுவைக்கு முன்பே கேட்டு எழுதிவிடுங்கள். முடியாமல் போனால் முதல் பரிசோதனையில் கேளுங்கள். என் முதல் பக்கத்தில் இருப்பவை: கிழிசல் எந்த இடத்தில், மாகுலா பிரிந்ததா இல்லையா, பிரிந்து எத்தனை நாள், உள்ளே நிரப்பியது என்ன, அது எவ்வளவு நாள் இருக்கும், எப்படிப் படுக்க வேண்டும், ராத்திரியில் வலித்தால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும்.

இதில் மாகுலா பற்றிய கேள்விதான் பெரியது. விழித்திரையின் நடுவில் இருக்கும் சின்ன இடம் அது. வாசிப்பதற்கும் முகம் அடையாளம் காண்பதற்கும் அதுதான் வேண்டும். விழித்திரை பிய்ந்தும் மாகுலா இன்னும் ஒட்டியிருக்கிற நிலையில் அறுவை நடந்தால், பெரும்பாலும் பழைய பார்வைக்குப் பக்கத்திலேயே தப்பித்துக்கொள்ளலாம். அது பிரிந்த பிறகு நடந்தால், திரை பழையபடி படிந்தாலும் செல்கள் பட்ட அடி கொஞ்சமாவது மிஞ்சும். மூன்று நாளுக்குள் ஒட்ட வைப்பதற்கும் சில வாரம் கழித்து ஒட்ட வைப்பதற்கும் பலனில் நிறைய வித்தியாசம் உண்டு. "பிரிஞ்சிருக்கு, நாலு நாள்" என்று எழுதியபோதே என் எதிர்பார்ப்பை அதற்கேற்பக் குறைத்துக்கொண்டிருக்க வேண்டும். அது எனக்கு ரெண்டு மாசம் கழித்துத்தான் உறைத்தது.

எண்களையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணமாகக் கிழிசலால் வந்த பிரிவு என்றால் நூறில் 85 முதல் 90 பேருக்கு ஒரே அறுவையில் ஒட்டிவிடும். இன்னொன்றோ இரண்டோ செய்ய நேர்ந்தவர்களையும் சேர்த்தால் 95க்கு மேல். இவை ஒட்டுவதற்கான எண்கள். பார்வைக்கான எண்கள் என்று இவற்றை நினைத்துக்கொள்ளக் கூடாது.

உள்ளே என்ன செய்கிறார்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணுக்குள் சுமார் 4 மில்லி கூழ் இருக்கிறது. பெரும்பகுதி தண்ணீர்தான். வயதாக ஆக அது சுருங்கும், சிலருக்கு அப்போது விழித்திரையைப் பிடித்து இழுத்துக் கிழித்துவிடும். அந்தக் கிழிசல் வழியாக நீர் உள்ளே போய்த் திரையைச் சுவரிலிருந்து கிளப்பிவிடும். விட்ரெக்டமி என்கிற இந்த அறுவையில், கருவிழி ஓரத்திலிருந்து 3.5 முதல் 4 மி.மீ. தள்ளி வெள்ளைவிழியில் மூன்று துளை போட்டு, கூழை வெட்டி உறிஞ்சி எடுக்கிறார்கள். 1970ஐ ஒட்டி ராபர்ட் மாக்கமர் என்ற மருத்துவர் தொடங்கிவைத்த வழி. இப்போது துளைகள் அரை மில்லிமீட்டர் அளவுதான், பல நேரம் தையலே வேண்டியதில்லை. கிழிசலைச் சுற்றி லேசரோ உறைய வைக்கும் சிகிச்சையோ கொடுத்துவிட்டு, அது பிடித்து ஆறும் வரை திரையை அழுத்திப் பிடிக்க உள்ளே கேஸையோ சிலிக்கான் ஆயிலையோ நிரப்புகிறார்கள்.

பசை காயும் வரை பலகையை அழுத்திப் பிடிக்கிற ஆளுடைய வேலைதான் அந்த கேஸுக்கு. எனக்குப் போட்டது சி3எஃப்8 என்கிற கேஸ். ஆறு முதல் எட்டு வாரம் இருக்கும். எஸ்எஃப்6 என்றால் இரண்டு வாரம் போல. வெறும் காற்று என்றால் ஒரு வாரத்துக்குள் போய்விடும். எது என்று தெரியாமல் இருந்தால், பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு வாரத்தில் தெளிந்ததே, நமக்கு ஏன் தெளியவில்லை என்று வீணாகக் கலங்குவீர்கள்.

கேஸ் கோட்டை வரைவது

இதுதான் என் நோட்டில் அதிகப் பக்கம் பிடித்தது. முதல் வாரம் எல்லாம் தண்ணீருக்கு அடியில் கண்ணைத் திறந்தது மாதிரி இருந்தது. ஆனால் ஒரு வேடிக்கை: உள்ளங்கையை மூக்கு நுனிக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் ரேகைகள் பூதக்கண்ணாடியில் பார்த்தது போலத் துல்லியமாகத் தெரிந்தன. கேஸ் நிறைந்த கண், அதிலும் சொந்த லென்ஸ் உள்ள கண், கடுமையான கிட்டப்பார்வைக்குப் போய்விடும். அதனால் வருவது அது. "பாருங்க, தெரியுது!" என்று வீட்டுக்காரரிடம் கையைக் காட்டினேன். அன்றைய சந்தோஷம் அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் காலையில் பார்வையின் மேல் ஓரத்தில் ஒரு மெல்லிய வெளிச்சப் பட்டை. அதற்குக் கீழே ஒரு கோடு, தளும்பிக்கொண்டு. குமிழ் கண்ணுக்குள் மேலேதான் மிதக்கிறது. ஆனால் விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதால் அது கீழே இருப்பதாக நமக்குத் தோன்றும். குமிழ் சுருங்கச் சுருங்க, தெளிவு மேலிருந்து இறங்கிவரும்.

வரைகிற முறை இது. ஒரு பாட்டில் மூடியை வைத்து வட்டம் போடுங்கள். காலையில் எழுந்து, நிமிர்ந்து நின்று, மற்ற கண்ணை மூடி, வெறும் சுவரை நேராகப் பாருங்கள். கோடு எந்த உயரத்தில் இருக்கிறதோ அங்கே வட்டத்துக்குள் ஒரு கோடு இழுங்கள். தேதி போடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வட்டம் போதும். என் வட்டங்களில் 26ஆம் நாள் கோடு நடுவுக்கு வந்தது. 41ஆம் நாள் அது கோடாக இல்லை, கீழே உருளும் கறுப்புக் கோலிக்குண்டு. 47ஆம் நாள் குண்டு மூன்றாக உடைந்தது. பயந்துபோய்ப் போன் செய்தேன். கடைசிக் கட்டத்தில் உடைவது வழக்கம்தான் என்றார்கள். 52ஆம் நாள் ஒன்றும் இல்லை.

வரைவதில் ஒரு லாபம் இருக்கிறது. கேஸின் கோடு தலையைச் சாய்த்தாலும் தரைக்கு மட்டமாகவே நிற்கும், சாய்த்த குவளையில் தண்ணீர் நிற்பது போல. திரை மறுபடி பிரிந்து வரும் நிழல் அப்படி மட்டம் பார்க்காது. கோட்டுக்கு மேலே ஏற்கெனவே தெளிந்த பகுதியில் புதிதாக நிழல் ஏறினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டிலேயே தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துத் தீர்ப்பு எழுதிக்கொண்டு இருந்துவிடாதீர்கள்.

கேஸ் இருக்கும் வரை விமானம் கூடாது, உயரமான மலைக்கும் டாக்டரைக் கேட்காமல் ஏறக் கூடாது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், குமிழ் விரியும், கண் அழுத்தம் எகிறி ரத்த ஓட்டமே நின்று பார்வை போய்விடலாம். நைட்ரஸ் ஆக்சைடு மயக்க மருந்தும் இதையே செய்யும். பல் டாக்டரிடம் போனாலும் "கண்ணில் கேஸ் இருக்கு" என்று முதலில் சொல்லிவிடுங்கள். கண்ணில் கேஸ் இருப்பதைச் சொல்லக் கையில் கட்டிவிட்ட பட்டையைக் குமிழ் முழுசாகப் போகும் வரை கழற்றாதீர்கள்.

படுக்கை

எல்லாரும் குப்புறத்தான் படுக்க வேண்டும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. கிழிசல் எங்கே இருக்கிறதோ அது மேலே வருகிற மாதிரி படுக்க வேண்டும், அங்கேதான் குமிழ் போய் அழுத்தும். என் கிழிசல் வலது கண்ணில் வெளிப்பக்க மேல் ஓரத்தில். முதல் நாள் குப்புற, அப்புறம் ஒரு வாரம் இடப்பக்கம் ஒருக்களித்து. மாகுலாவில் ஓட்டை விழுந்து செய்துகொண்டவர்களுக்குக் குப்புற. எனக்குச் சொன்னதை நீங்களோ, உங்களுக்குச் சொன்னதை நானோ காப்பியடிக்கக் கூடாது. மல்லாந்து படுப்பதை மட்டும் கேஸ் உள்ள யாரும் தவிர்க்க வேண்டும். குமிழ் முன்னால் வந்து லென்ஸில் ஒட்டிக்கொள்ளும்.

நோட்டில் மணிக்கு ஒரு கட்டம் போட்டு, 50 நிமிடம் படுத்தால் ஒரு டிக். எந்த மணியில் ஏமாற்றினேன் என்று கட்டமே சொல்லிவிடும். அலுப்பாக இருந்தபோதெல்லாம் ஒன்றை நினைத்துக்கொண்டேன். 1920களில் சுவிட்சர்லாந்தின் லோசானில் ழூல் கோனான் என்ற கண் மருத்துவர், கிழிசலைக் கண்டுபிடித்து அடைத்தால்தான் திரை ஒட்டும் என்று நிரூபிக்கும் வரைக்கும், அசையாமல் படுத்துக்கிடப்பதுதான் முக்கிய வைத்தியமே. பலன் ஏறக்குறைய பூஜ்யம்.

எது சாதாரணம், எதற்கு ஓட வேண்டும்

கண் சிவப்பது, மணல் விழுந்தது போல உறுத்துவது, நீர் வடிவது, இமை வீங்குவது எல்லாம் முதல் சில வாரம் இருக்கும், நாளுக்கு நாள் குறையும். அப்படிக் குறைவதுதான் முக்கியம். நோட்டில் வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் போட்டுக்கொண்டே வாருங்கள். இறங்கிக்கொண்டிருந்த எண் ஏறினால் அதுதான் சேதி.

எனக்கு 3, 2 என்று இறங்கியது, மூன்றாம் நாள் ராத்திரி 7. புருவத்துக்கு மேலே இடி, குமட்டல், வாந்தி. ஒருக்களித்தே படுத்ததில் கழுத்துப் பிடிப்பு, அதனால் தலைவலி என்று நானே முடிவு கட்டி, வலி மாத்திரை போட்டுக்கொண்டு விடியும் வரை கிடந்தேன். காலையில் கண் அழுத்தம் 38. பத்திலிருந்து 21 வரைதான் வழக்கமான அளவு. மாத்திரையும் கூடுதல் சொட்டு மருந்தும் கொடுத்து மாலைக்குள் 24க்குக் கொண்டுவந்தார்கள். அந்த மாத்திரையில் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அது அதன் பக்க விளைவு என்று யாரோ சொன்ன பிறகே நிம்மதி. கேஸ் விரிவதால் முதல் சில நாளில் அழுத்தம் ஏறலாம். ஸ்டீராய்டு சொட்டு மருந்தால் சில வாரம் கழித்தும் ஏறலாம். முதல் பக்கத்தில் ராத்திரி எண்ணை எழுதி வைத்துவிட்டு அதைக் கூப்பிடாமல் கிடந்த முட்டாள்தனம் என்னுடையது.

கொடுத்த மாத்திரைக்கு அடங்காத வலி, வாந்தியோடு வலி, சிவப்பு கூடிக்கொண்டே போவது, பீளை தள்ளுவது, நேற்றுத் தெரிந்தது இன்று தெரியாமல் போவது. இவற்றுக்குக் காலை வரை காத்திருக்காதீர்கள். உள்ளே கிருமி புகுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. ஆனால் வந்தால் மணிக்கணக்கில் சேதம் செய்யும்.

சொட்டு மருந்து பற்றி ஒரு வரி: கையைக் கழுவுங்கள், இரண்டு மருந்துக்கு நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள், ஸ்டீராய்டைச் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நாலாவது வாரத்திலிருந்து

எல்லாரும் அசந்துபோகிற நேரம் இது. வலி போயிருக்கும், கேஸும் இறங்கிக்கொண்டிருக்கும். ஆனால் மறுபடி பிரிவதற்கு முக்கியக் காரணமான தழும்புத் திசு பெரும்பாலும் நாலு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள்தான் வேலையைக் காட்டும். ஆறுகிற செல்கள் திரையின்மேல் படர்ந்து, காய்ந்த பசைக் காகிதம் சுருள்வது போலச் சுருங்கித் திரையை இழுக்கும். நூறில் ஐந்து முதல் பத்து பேருக்கு வரலாம். யாரும் செய்த தப்பால் வருவதில்லை.

பரிசோதனைக்குக் காத்திருக்கும்போது பழக்கமான ஒரு பெரியவருக்கு அப்படித்தான் ஆறாம் வாரத்தில் ஆனது. இரண்டாம் அறுவையில் சிலிக்கான் ஆயில் போட்டார்கள். "கேஸ் தானா போயிடும்மா, இது வாடகைக்கு வந்தவன் மாதிரி, நாமதான் காலி பண்ண வைக்கணும்" என்பார். சரியாகத்தான் சொன்னார். ஆயில் தானாகக் கரையாது. வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதத்தில் எடுக்கிறார்கள், சில கண்களில் எடுக்காமலே விட வேண்டிவரும். நாள் போனால் சின்னச் சின்னத் துளிகளாக உடைந்து அழுத்தத்தை ஏற்றலாம், கருவிழியையும் கெடுக்கலாம். ஆயில் இருக்கும்போது கண் பவர் பிளஸ் பக்கம் தாவும். அந்தப் பார்வையை வைத்து "இவ்வளவுதான் வந்தது" என்று கணக்கை முடித்துவிடக் கூடாது. ஆயிலோடு விமானத்தில் போகலாம் என்பது அவருக்கு இருந்த ஒரே ஆறுதல்.

வாசிக்கிற பக்கம்

கேஸ் போன பிறகு வாரத்துக்கு ஒரு நாள் ஒரே புத்தகத்தின் ஒரே பக்கத்தை, ஒரே விளக்கடியில், ஒரே தூரத்தில், ஒரு கண்ணால் மட்டும் வாசியுங்கள். எந்த அளவு எழுத்து வரை தெரிகிறது என்று குறியுங்கள். அப்புறம் ஒரு கட்டம் போட்ட தாளை எடுத்து, நடுவில் புள்ளி வைத்து, அந்தப் புள்ளியையே பாருங்கள். எந்தக் கோடு வளைகிறதோ அதைப் பார்த்தபடியே பென்சிலால் வரையுங்கள்.

எனக்கு நடுவிலிருந்து சற்று மேலே இரண்டு கோடுகள் இடுப்பு ஒடிந்தது போல உள்வாங்கின. தொழிலில் அது இப்படி வந்து நின்றது: வலது கண்ணால் பார்த்தால் ண-வின் மூன்று சுழியில் ஒன்று பக்கத்துச் சுழிக்குள் புதைந்து ன ஆகிவிட்டது. எழுத்தும் இடது கண்ணில் தெரிவதைவிடச் சின்னதாகத் தெரிந்தது. மாகுலா பிரிந்து ஒட்டியவர்கள் நிறைய பேருக்கு இந்த வளைவும் அளவு வித்தியாசமும் இருக்கும். அட்டையில் எழுத்து வாசிக்கும் சோதனையில் இது பிடிபடாது. வரைந்த தாளைக் காட்டினால்தான் டாக்டருக்குப் புரியும். விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேனில், திரைமேல் சவ்வு படர்ந்திருக்கிறதா, நீர் தங்கியிருக்கிறதா என்று அதற்கப்புறம் பார்த்தார்கள். இரண்டும் இல்லை. செல்கள் பட்ட அடிதான். மாதக்கணக்கில் கொஞ்சம் குறைந்தது, முழுசாகப் போகவில்லை.

இரண்டு கண்ணும் ஒத்துப்போகாத அந்தக் காலத்தில் ஆழம் தெரியாது. தம்பி வந்திருந்தபோது தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். "அக்கா, டம்ளர் இங்க இருக்கு" என்றான். செம்பின் வாயை டம்ளர் விளிம்பில் தொட வைத்து ஊற்றப் பழகுங்கள். படியில் இறங்கும்போது கைப்பிடியை விடாதீர்கள். புதுக் கண்ணாடி வாங்க அவசரப்படாதீர்கள். கேஸ் போய் பவர் நிலையாகச் சில வாரமாவது ஆகும்.

மற்ற நோய்களுக்கு எதிர்பார்ப்பு வேறு. மாகுலா ஓட்டை நூறில் தொண்ணூறு பேருக்கு மேல் மூடிவிடும், பார்வை ஏறுவது ஆறு மாதம், ஒரு வருடம் என்று மெதுவாக. திரைமேல் படர்ந்த சவ்வை உரித்துக்கொண்டவர்களுக்கு வளைவு குறையும், சுத்தமாகப் போகும் என்று சொல்ல முடியாது. சர்க்கரை நோயில் ரத்தக் கசிவுக்காகச் செய்துகொண்டவர்களுக்கு ரத்தம் போனதும் சட்டென்று தெளியலாம், மறுபடி கசியவும் செய்யலாம்.

பத்தாவது மாதத்துப் பயம்

மூன்றாம் மாதம் 6/24, ஆறாம் மாதம் 6/18. அதாவது மற்றவர்கள் 18 மீட்டரிலிருந்து வாசிப்பதை நான் 6 மீட்டரில் வந்து வாசிக்கிறேன். பத்தாம் மாதம் 6/36. மறுபடி பிய்ந்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். டாக்டர் நோட்டைத்தான் முதலில் புரட்டினார். நிழல் இல்லை, மின்னல் இல்லை, வளைவு கூடவில்லை. ஆனால் "வெள்ளைத் தாள் பழுப்பாத் தெரியுது", "கண்ணாடி இல்லாம கிட்டத்துல வாசிக்க முடியுது" என்று இரண்டு வாரம் விட்டு விட்டு எழுதியிருந்தேன். கண்புரை. கூழை எடுத்த கண்ணில், அதுவும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, இரண்டு வருடத்துக்குள் பெரும்பாலும் வந்துவிடும். அதைச் சிக்கல் என்பதைவிட அடுத்த தவணை என்று சொல்லலாம். புரையை எடுக்கும் மருத்துவரிடம் விட்ரெக்டமி ஆன கண் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். கூழின் தாங்கல் இல்லாததால் அவர் கை வேறு மாதிரி வேலை செய்ய வேண்டும். அதற்குப் பிறகு எனக்கு 6/12. ண திரும்பி வந்தது, ஒரு சுழி மட்டும் இன்னும் கொஞ்சம் நசுங்கி.

கடைசிப் பக்கங்களை மற்ற கண்ணுக்கு விடுங்கள். ஒன்றில் பிய்ந்தவர்களில் நூறில் பத்து பேருக்காவது மற்றதிலும் பிய்யலாம். கிழிசலாக இருக்கும்போதே பிடித்தால் லேசரோடு முடிந்துவிடும். என் இடது கண்ணில் போன மாதம் புதிதாக ஒரு புள்ளி மிதந்தது. மேசையில் ப்ரூஃப் திறந்தபடி கிடந்தது, மறுநாள் கொடுக்க வேண்டியது. நோட்டில் நேரத்தை எழுதிவிட்டு அன்று மதியமே போனேன். மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து ஓரம் வரைக்கும் பார்த்தார்கள். கிழிசல் இல்லை, கூழ் திரையிலிருந்து விலகியிருக்கிறது, ஆறு வாரத்தில் மறுபடி வாருங்கள் என்றார்கள். ப்ரூஃப் ஒரு நாள் தாமதமாகப் போயிற்று.